தேசிய றக்பி குழாமில் மாற்று வீரர் பலம்: கண்டிக் கழகத்தை அப்படியே இறக்கினால் போதுமா?

கொட்டகலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் இருவர் கூடினால் பேச்சு கிரிக்கெட்டிலோ உதைபந்தாட்டத்திலோ போய் முடியும். றக்பியைப் பற்றி விளக்கமாகப் பேச ஆள் கிடைப்பது அரிது. அதனால் பல நாட்களாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2025ஆம் ஆண்டு ஆசிய சம்பியன்ஷிப்பின் மேல் பிரிவில் ஹொங்கொங், தென் கொரியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய அணிகளுடன் நமது இலங்கை அணியும் ஆடியது. அந்தத் தொடரில் முதலிடம் பெற்ற ஹொங்கொங், 24 அணிகள் பங்குபற்றவுள்ள 2027 அவுஸ்திரேலிய உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. உலக றக்பிச் சம்மேளனம் 2023இல் நமது உறுப்புரிமையை இடைநிறுத்தியிருந்த நிலையிலிருந்து பார்த்தால், அந்தப் பிரிவில் கால் வைத்ததே பெரிய விடயம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மேல் பிரிவுக்கு ஏறுவதும் அங்கே அடிபடுவதும் நமக்குப் புதிதல்ல. 2014இல் நாகோயாவில் ஜப்பானிடம் 132–10 என்று தோற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜப்பான் அடுத்த ஆண்டே உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவை வென்றது என்பதைச் சொல்லி ஓரளவு ஆறுதல் அடையலாம்; ஆனால் அந்த வித்தியாசம் முழுவதையும் அப்படி விளக்கிவிட முடியாது.

பலமான அணிகளுடன் ஆடும்போது நமது அணி முதல் அரை மணித்தியாலம் வரை நன்றாகவே நிற்கிறது என்பதுதான் என் கண்ணுக்குப் படுகிறது. இடைவேளைக்குப் பின்னர் மாற்று வீரர்கள் உள்ளே வரத் தொடங்கியதும் எதிரணியின் ஆட்டம் கூடுகிறது, நமது ஆட்டம் இறங்குகிறது. அவர்களுடைய பதினாறாவது வீரருக்கும் முதல் பதினைந்து பேருக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. நம்மிடம் அது மைதானத்தின் மறு கோடியில் இருப்பவருக்கும் தெரிகிறது.

கண்டியில் வசிக்கும் என் மைத்துனர் கண்டிக் கழகத்தின் நித்தவளை மைதானத்தில் ஒரு போட்டியையும் தவறவிடாதவர். அவரிடம் இதற்கு ஒரே மருந்துதான் உண்டு. 1990கள் தொடங்கி பெரும்பாலான ஆண்டுகளில் லீக் பட்டத்தை வென்றுவரும் கண்டி விளையாட்டுக் கழகத்தின் பதினைந்து பேரையும் அப்படியே தேசிய அணியாக இறக்க வேண்டும்; ஏனைய கழகங்களிலிருந்து எட்டுப் பேரை மாற்று வீரர்களாக ஆசனத்தில் அமர்த்தினால் போதும்; ஒருவரை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அறிந்தவர்கள் ஒன்றாக ஆடும்போது தனித்தனித் திறமையைவிட அது பெறுமதியானது என்கிறார். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் என் சந்தேகம் முதல் பதினைந்து பேரைப் பற்றியதே அல்ல, அந்த எட்டுப் பேரைப் பற்றியது. மாற்று வீரர் பலம் என்பது குழாமின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் வருமா, தெரிவு செய்யும் முறையை மாற்றுவதால் வருமா, அல்லது நமது நாட்டில் இந்த ஆட்டத்தை ஆடுவோரின் தொகையே அதற்குப் போதாதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கம்பளை ஹூக்கர்

கொட்டகலை நண்பரே, ஹூக்கருக்குரிய இரண்டாம் எண் ஜேர்சியைப் பல ஆண்டுகள் அணிந்தவன் என்ற முறையில் முன்வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவர்கள் பின்வரிசை வீரர்களின் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்பது தெரியும். ஆனால் நீங்கள் இடைவேளைக்குப் பின்னர் காணும் சரிவு பெரும்பாலும் ஸ்க்ரம்மில்தான், அதாவது இரு அணிகளின் முன்களத்தவர் எட்டுப் பேரும் தோளோடு தோள் பூட்டித் தள்ளும் இடத்தில்தான், ஆரம்பிக்கிறது.

சர்வதேசப் போட்டியொன்றில் 23 பேரைப் பதிவு செய்தால், அவர்களில் குறைந்தது ஆறு பேர் முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. 16, 17, 18 ஆகிய எண்கள் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஒரு ஹூக்கருக்கும் அவருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு ப்ரொப்புகளுக்கும் உரியவை. அதாவது எட்டு மாற்று வீரர்களில் மூன்று இடங்களை விதியே நிரப்பிவிடுகிறது. ப்ரொப் என்றால் எந்தப் பக்கத்திலும் ஆடலாம் என்று நினைப்பவர்கள் நமது கழக நிர்வாகங்களிலும் இருக்கிறார்கள். இடது பக்க ப்ரொப்பான ஒன்றாம் எண் லூஸ்ஹெட்டின் இடது தோள் ஸ்க்ரம்மின் வெளிப்புறத்தில் சும்மா இருக்கும். வலது பக்க ப்ரொப்பான மூன்றாம் எண் டைட்ஹெட்டின் தலை எதிரணி ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் புகுந்துவிடுவதால், அவருடைய இரண்டு தோள்களிலும் எதிரணியின் பாரம் இறங்கும். இடது பக்கத்தில் ஹூக்கர் நெருக்குவார். வலது பக்கத்தில் லூஸ்ஹெட் அவருடைய ஜேர்சியைப் பற்றிக்கொண்டு நெஞ்சுக்குக் கீழே நுழைந்து மேலே தூக்கப் பார்ப்பார். முதுகு ஒரு சிறிது வளைந்தாலும், பாதம் ஒரு சாண் பின்னால் போய் இடுப்பு உயர்ந்தாலும் ஸ்க்ரம் அந்த மூலையிலிருந்து சுழலத் தொடங்கும். பின்னால் நிற்கும் ஐந்து பேர் எத்தனை பலசாலிகளாக இருந்தாலும் அவர்களுடைய தள்ளு அந்த ஒரு முதுகின் வழியாகத்தான் முன்னே போக வேண்டும்.

இப்போது நீங்கள் சொன்ன இடைவேளைக்குப் பிந்திய நேரத்தை நினைத்துப் பாருங்கள். நமது முதலாவது டைட்ஹெட் களைத்து வெளியே வருகிறார். அவருக்குப் பதிலாக வருபவர் தன் கழகத்தில் லூஸ்ஹெட்டாக ஆடுபவர், அல்லது அந்தப் பருவம் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர். ஸ்க்ரம் சரிகிறது, மத்தியஸ்தர் பெனால்டி கொடுக்கிறார். எதிரணி பந்தை எல்லைக்கு வெளியே உதைத்து நமது ஐந்து மீற்றர் கோட்டருகே லைன்அவுட் (எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) எடுக்கிறது. பெனால்டியிலிருந்து உதைத்தபடியால் பந்தை எறியும் உரிமையும் அவர்களுக்கே. அங்கிருந்து மோல் அமைத்து, அதாவது பந்தை வைத்திருப்பவரைச் சுற்றிக் கூடி நின்று தள்ளி, நமது கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை வைக்கிறார்கள். பார்வையாளர் கண்ணுக்கு அது மோல் தடுப்பின் பலவீனமாகப் படும். ஆனால் ஐம்பது மீற்றருக்கு அப்பால், ஒரு நிமிடத்துக்கு முன்பு, பதினெட்டாம் எண் வீரரின் பாதங்களில் நிகழ்ந்த தவறுக்கான விலை அது.

மாற்று வீரர் பலத்தை நாற்பது பேர், ஐம்பது பேர் என்று எண்ணிக்கையால் அளப்பதில் பயனில்லை என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். நமது முதல்தர லீக்கில் கண்டி, சீ.ஆர்., சீ.எச்., ஹெவ்லொக், கடற்படை, இராணுவம், விமானப்படை, பொலிஸ் என எட்டுக் கழகங்கள். ஆகவே வாரந்தோறும் தொடக்கத்திலிருந்து ஆடும் டைட்ஹெட்கள் நாட்டில் எட்டே பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் காயமடைந்து, ஒருவர் உடற்தகுதியில் தவறி, ஒருவர் கடமை விடுப்புக் கிடைக்காமல் போனால் எஞ்சுவது ஐந்து. அந்த ஐவரில் ஹொங்கொங் அணியின் லூஸ்ஹெட்டுக்கு எதிரே நிற்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதைத் தெரிவாளர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும்.

பலமான கழகமொன்றில் நல்ல டைட்ஹெட் மூவர் சேர்ந்துவிட்டால் இருவர் ஆசனத்தில் தேய்கிறார்கள் என்பது இன்னொரு சிக்கல். உங்கள் மைத்துனர் விரும்பும் கழகத்துக்கும் இது பொருந்தும். பலவீனமான கழகத்தில் வாரந்தோறும் எண்பது நிமிடம் தள்ளும் ஒருவரைவிட அவர்கள் இயல்பில் திறமைசாலிகளாக இருக்கலாம்; ஆனால் போட்டி நிமிடங்கள் இல்லாத முன்வரிசை வீரரைச் சர்வதேச ஸ்க்ரம்முக்குள் அனுப்புவது அவருடைய கழுத்துக்கே ஆபத்து. ஒரு பருவத்துக்கு மட்டும் அத்தகையவர்களை வேறு கழகத்துக்கு இரவலாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தால், ஒரு புதிய வீரரையும் கண்டுபிடிக்காமலேயே தேசிய அணிக்கு இரண்டு மூன்று முன்வரிசை வீரர்கள் கிடைப்பார்கள். கழகங்கள் இலகுவில் இணங்கா என்பதை நான் நன்கு அறிவேன்.

பாடசாலை மட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 19 வயதுக்குட்பட்டோருக்கான உலக விதிகளின்படி ஸ்க்ரம்மை 1.5 மீற்றருக்கு மேல் தள்ள இடமில்லை. பிள்ளைகளின் முள்ளந்தண்டைக் காக்கும் நல்ல விதி அது. அந்த விதிக்குள் வளர்ந்த ப்ரொப் ஒருவர், றோயல், திரித்துவக் கல்லூரிகள் மோதும் பிரட்பி கேடயப் போட்டியில் எவ்வளவு பிரகாசித்திருந்தாலும், வளர்ந்தோரின் முழுத் தள்ளலை முதன்முதலாக எதிர்கொள்வது கழகத்தில்தான் என்பதைத் தெரிவாளர்கள் மறக்கக் கூடாது. ஓரத்தில் வேகமாக ஓடும் விங் வீரர் பாடசாலையிலிருந்து நேராக மேலே போகலாம். ப்ரொப் அப்படிப் போக முடியாது.

நித்தவளை மேட்டுப் பக்கம்

ஹூக்கர் அண்ணன் எழுதியதில் முன்வரிசை பற்றிய பகுதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மைத்துனரின் யோசனையை அவர் ஒரு வரியில் கடந்துவிட்டார். அது அவ்வளவு இலகுவில் ஒதுக்கக்கூடிய யோசனையல்ல, ஏனென்றால் உலகத்தில் ஒரு நாடு ஏறக்குறைய அதையே செய்து பார்த்திருக்கிறது.

ஆர்ஜென்டீனா 2016 முதல் தன்னுடைய தேசிய வீரர்களில் பெரும்பாலானோரை ஜகுவாரெஸ் என்ற ஒரே அணியில் சேர்த்து, தென் அரைக்கோள அணிகளை மையமாகக் கொண்ட சூப்பர் றக்பித் தொடரில் ஆட விட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த அந்த அணி 2019இல் இறுதிப் போட்டி வரை சென்றது. அதே ஆண்டு ஜப்பானில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டீனா, பிரான்ஸிடமும் இங்கிலாந்திடமும் தோற்று முதற் சுற்றைத் தாண்டாமல் திரும்பியது. அதே 2016இல் அதே தொடரில் நுழைந்த ஜப்பானின் சன்வுல்வ்ஸ் அணியோ பெரும்பாலான போட்டிகளில் தோற்றது. ஜப்பானிய பயிற்றுநர்கள் அதைப் பட்டம் வெல்லும் அணியாகக் கருதவில்லை. வீரர்களை மாற்றி மாற்றி இறக்கிப் பார்க்கும் களமாகவே பயன்படுத்தினார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் அயர்லாந்தை 19–12 என்றும் ஸ்கொட்லாந்தை 28–21 என்றும் வென்று கால் இறுதிக்குச் சென்றது அந்த ஜப்பான்தான். சொந்த மண், வெப்பம், நீண்ட கால முகாம் என்று வேறு காரணங்களும் அதற்கு உண்டு. இந்த ஒரு ஒப்பீட்டை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆயினும் ஒரே பதினைந்து பேரை வருடம் முழுவதும் இறுக்கிக் கட்டிவைப்பதால் வரும் ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பது தெரிகிறது.

என் கருத்தில் ஒரு கழகத்தை முழுதாக எடுக்காமல், கூட்டுகளாக எடுக்க வேண்டும். ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃபும் அதைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃபும் ஒரே கழகத்தவராக இருந்தால் நல்லது. ஹூக்கரின் எறிதலும் லைன்அவுட்டில் குதிப்பவரின் நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அவர்களையும் பிரிக்காமல் எடுப்பது நல்லது. விங், பின்னால் கடைசியாக நிற்கும் ஃபுல்பெக் ஆகிய இடங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே யார் சிறந்தவரோ அவரே வரட்டும்.

இனி மாற்று வீரர் பலத்துக்கு வருகிறேன். 2011 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தின் ஃப்ளை ஹாஃப் டான் கார்ட்டர் பயிற்சியின்போது காயமடைந்தார். அவருக்குப் பின் வந்த கொலின் ஸ்லேட் கால் இறுதியில் விழுந்தார். மூன்றாமவரான ஏரன் குரூடன் இறுதிப் போட்டியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஆரம்பக் குழாமில் இடமே கிடைக்காமல் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டீவன் டொனல்ட் நான்காமவராக உள்ளே வந்து அடித்த பெனால்டியே பிரான்ஸுக்கு எதிரான 8–7 வெற்றியைத் தீர்மானித்தது. பலர் இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். டொனல்ட் அதற்கு முன்னரே இருபதுக்கு மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் ஆடியிருந்தவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நான்காவது இடத்திலிருந்த ஒருவரிடம் அத்தனை சர்வதேச அனுபவம் இருந்தது. மாற்று வீரர் பலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நமது பக்கம் திரும்பினால், கிங்ஸ்வூட் கல்லூரியிலிருந்து வந்த பாசில் மரிஜா பல ஆண்டுகள் கண்டிக்கும் தேசிய அணிக்கும் ஃப்ளை ஹாஃபாக ஆடினார். தேசிய அணித் தலைவராகவும் இருந்தார். அவர் பந்தை உதைக்கும்போது நித்தவளை மேடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தகைய ஒருவர் இருக்கும் காலத்தில், வெற்றி உறுதியாகிவிட்ட போட்டிகளிலாவது கடைசி இருபத்தைந்து நிமிடங்களை அடுத்தவருக்குக் கொடுக்கும் துணிவு பயிற்றுநரிடம் இருக்க வேண்டும். பட்டத்துக்காகக் கொட்டும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் கழகத் தலைவர்களின் முன்னால் அந்தத் துணிவு எங்கிருந்து வரும் என்பது வேறு கதை.

வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவந்து நிரப்பலாம் என்று யாராவது எழுதுவதற்கு முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பால் தகுதி பெறும் காலம் முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது. 2022 தொடக்கத்திலிருந்து அது ஐந்து ஆண்டுகள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இலங்கையில் பிறந்தவர்களாக இருந்தால் இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. அந்தக் கதவு மட்டும்தான் நமக்குப் பயன்படும்.

கொட்டகலை வாசகர்

இருவருக்கும் நன்றி. ஹூக்கர் அண்ணனின் கணக்கைப் படித்ததும் எனக்கு ஒரு சிறு குழப்பம். டைட்ஹெட் எட்டுப் பேர்தான் என்றால், அந்த எட்டைப் பதினாறாக்கும் வழி கழகங்களைக் கூட்டுவதா? டிம்புள்ளைக் கழகத்தின் றதல்ல மைதானமும், டிக்கோயா மஸ்கெலியா கழகத்தின் தரவளை மைதானமும் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. துரைமார் காலத்தில் கிளிஃபர்ட் கிண்ண றக்பிப் போட்டியில் ஆடிய கழகங்கள் இவை. அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் அந்தப் பந்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. மாற்று வீரர் பலம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவது பொருத்தமா, அல்லது நான் விடயத்தை விட்டு விலகுகிறேனா?

தலவாக்கலை உடற்கல்வி

விலகவில்லை. ஆனால் அதற்கான பதில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் கசப்பானது.

1891இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரி தொடங்கப்பட்டபோதே இந்நாட்டுப் பாடசாலைகளுக்குள் றக்பி வந்துவிட்டது. 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. அதாவது மலையகத்தின் தலைநகரில் இந்த ஆட்டத்துக்கு நூறு ஆண்டுகளைக் கடந்த பாடசாலை மரபு உண்டு. அங்கிருந்து தலவாக்கலைக்கு ரயிலில் அரை நாள்கூட ஆகாது. இருந்தும் எங்கள் பக்கத்துத் தமிழ் மொழிப் பாடசாலைகளில் உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், எல்லே, கபடி, மெய்வல்லுநர் போட்டிகள் என்பவற்றோடு பட்டியல் முடிகிறது. மாணவர்களுக்குப் பயிற்சி வழங்கும் எண்ணத்தில், கழகமொன்றின் மைதானத்தை வார நாளொன்றில் ஒரு மணித்தியாலம் தரும்படி கேட்டுக் கடிதம் எழுதினேன். மழைக்காலத்தில் புல் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் மழை இல்லாத காலத்தை எதிர்பார்த்து ஓர் ஆட்டத்தைக் கற்பிக்க முடியாது.

ஆயினும் மைதானம் கிடைத்தால் ஹூக்கர் அண்ணன் தேடும் டைட்ஹெட்கள் தோட்டத்திலிருந்து வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம். சிறு வயதில் இழந்த வளர்ச்சியைப் பத்தாம் வகுப்பில் உடற்பயிற்சியால் மீட்டுவிட முடியாது. சர்வதேச ப்ரொப் ஒருவருக்கு நூற்றுப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட உடலும் அதைத் தாங்கும் கழுத்தும் தேவை. காலையில் தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மலையேறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. கண்டியின் பெரிய பாடசாலைகளில் முன்வரிசைப் பையன்கள் விடுதியில் உண்பதையும் எங்கள் பிள்ளைகள் வீட்டில் உண்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் நான்.

அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் எந்த இடம் என்று கேட்டால், என் மனதில் ஸ்க்ரம் ஹாஃபின் ஒன்பதாம் எண் இருக்கிறது. ஜப்பானின் ஸ்க்ரம் ஹாஃப் ஃபுமியாக்கி தனாக்கா 166 சென்றிமீற்றர் உயரமுள்ளவர். சூப்பர் றக்பியில் ஆடிய முதல் ஜப்பானியர்களில் ஒருவர். அந்த இடத்துக்குக் கால் வேகமும், தரையிலிருந்து பந்தை ஒரே அசைவில் எடுத்து எறியும் கையும், எண்பது நிமிடம் ஓடும் நெஞ்சுரமும் வேண்டும். சாய்வான மலைப்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் பிள்ளைகளிடம் கடைசியாகச் சொன்னது தாராளமாகவே இருக்கிறது. கபடி ஆடும் பையன்களையும் கவனித்துப் பாருங்கள். எங்கள் பாடசாலையில் இடது மூலையில் நிற்கும் ஒருவன், பாடி வருபவன் கோட்டைத் தாண்டித் திரும்பும் கணத்தில் பாய்ந்து, கன்னத்தை அவனுடைய தொடையோடு ஒட்டவைத்து, இரண்டு கைகளையும் முழங்காலுக்குப் பின்னால் பூட்டிவிடுவான். தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. றக்பி பயிற்றுநர்கள் பல மாதங்கள் செலவிட்டுக் கற்பிக்கும் தாழ்ந்த டெக்கிள் அதுதான்.

ஆகவே கழகங்களை எட்டிலிருந்து பதினாறாக்குவது இப்போதைக்கு நடக்கக்கூடியதல்ல. பதினாறு கழகங்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆளில்லை. தேசிய ஏழு பேர் அணிக்கும் பத்தொன்பது வயதுப் பிரிவுக்கும் நடத்தப்படும் தெரிவு முகாம்களில் ஒன்றை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வைத்து, அதைத் தமிழிலும் அறிவித்து, றக்பி ஆடாத பாடசாலைகளின் கபடி, மெய்வல்லுநர் வீரர்களையும் ஓடிக் காட்ட அழைத்தால் அதுவே பெரிய தொடக்கம். ஏழு பேர் ஆட்டத்தில் ஸ்க்ரம்முக்கு மூன்று பேர்தான். உடல் பருமனைவிட ஓட்டமே பேசும். ஆசிய ஏழு பேர் போட்டிகளைக் கண்டி போகம்பரையில் நடத்திய நாடு இது. அந்த மைதானத்துக்கு அப்பால் மலையில் இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்பது தெரிவாளர்களுக்குத் தெரிந்தால் போதும்.

கொட்டகலை வாசகர்

சேர், நீங்கள் எழுதியதை மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்க்ரம் ஹாஃப் விடயத்தை ஏற்றுக்கொண்டார். கண்டிக் கழகத்தை விட்டுக்கொடுக்க மாத்திரம் மனமில்லை. இறுதியாக ஒரு சந்தேகம். தென்னாபிரிக்கா செய்வது போல மாற்று வீரர்களில் முன்களத்தவரை ஆறாகவோ ஏழாகவோ கூட்டினால் நமது இரண்டாம் பாதிச் சரிவு நிற்காதா?

கம்பளை ஹூக்கர்

நிற்காது என்பதே என் கருத்து. 2023 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் தென்னாபிரிக்கா ஏழு முன்களத்தவரையும் ஒரே ஒரு பின்களத்தவரான வில்லி லெ ரூவையும் ஆசனத்தில் வைத்திருந்தது உண்மை. ஆனால் அதே போட்டியில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். அவர்களுடைய முதலாவது ஹூக்கர் மல்கம் மார்க்ஸ் தொடரின் ஆரம்பத்திலேயே காயமடைந்து போயிருந்தார். அவருடைய இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் ஃப்ளை ஹாஃப் ஹன்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். இறுதிப் போட்டி தொடங்கிச் சில நிமிடங்களில் இரண்டாமவர் பொங்கி எம்பொனாம்பியும் விழுந்தார். ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் நிற்கும் ஃப்ளாங்கராகவும் ஹூக்கராகவும் ஆடப் பழகிய டீயோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் அந்த இடத்தில் நின்றார். லைன்அவுட் தடுமாறியது, ஸ்க்ரம் உடையவில்லை. 12–11 என்று வென்றார்கள், அந்தப் புள்ளிகள் அனைத்தும் பொல்லார்டின் காலிலிருந்து வந்தன. ஏழுக்கு ஒன்று என்ற பங்கீட்டின் பின்னால் இரண்டு மூன்று இடங்களில் ஆடக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். நமது பின்களத்தில் விங்கிலும் ஃபுல்பெக்கிலும் ஒருங்கே சர்வதேசத் தரத்தில் ஆடக்கூடியவர் எத்தனை பேர்? ஒருவர் காயமடைந்து இன்னொருவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தால் ஃப்ளாங்கரை விங்கில் நிறுத்திவிட்டு ஹொங்கொங்குக்கு வழி விட வேண்டியதுதான்.

நமக்கு ஐந்து முன்களத்தவருக்கு மூன்று பின்களத்தவர் என்ற பங்கீடே பொருத்தம். ஆனால் அந்த ஐந்து முன்களத்தவரில் பதினெட்டாம் எண்ணைக் குழாமில் முதலில் எழுதப்படும் பெயர்களில் ஒன்றாகத் தெரிவாளர்கள் கருத வேண்டும். இப்போது அது பட்டியலின் கடைசியில், மிஞ்சியவருக்குக் கொடுக்கும் இடமாக இருக்கிறது. அவரை எழுபதாவது நிமிடத்தில் ஸ்க்ரம் உடைந்த பின்னர் அனுப்பாமல், முதலாமவரின் இடுப்பு உயரத் தொடங்கும்போதே, ஐம்பதாவது நிமிடத்தையொட்டி அனுப்ப வேண்டும். முதலாமவர் கோபித்துக்கொள்வார். நானும் அந்த வயதில் கோபித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலை எறிந்தவன்தான்.

தலவாக்கலை சேருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த இடது மூலைப் பையனைத் தொடையைப் பிடிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். விழுந்த பின்னர் கையை எடுத்து, எழுந்து நின்று பந்தைக் கைப்பற்றும் பழக்கம் கபடியில் இல்லை. றக்பியில் விட்டு எழும்பாவிட்டால் அது பெனால்டி.